பேர் கேட்டவன்

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.
பாலையூற்றுக் கோயிலில் மின்விசிறி
கழுத்துச் சுளுக்கியதுபோல் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றியது.
மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் புதுச் சுவாமி.
என் கடைசித் தம்பியின் வயதுகூட இராது.
எனக்கு நாற்பத்திமூன்று.

பாவங்களைத் துண்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பன்னிரண்டு வருடமாய்
உறைகளில் எழுதிய கை:
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டின் பின்.
அதே எழுத்தில் இதையும் எழுதியிருந்தேன்:
கிழமையில் மூன்று தரம். சில கிழமை ஐந்து.
அவர் பக்கத்தில் படுத்திருக்கையில்.
மனதால்.

அவனுக்கு முகமில்லை, சுவாமி.
டச்பேக் கடலிலிருந்து ஏறி வருவான்,
தோளெல்லாம் நீர் வடிய.
கதவு பூட்டியிருந்தாலும் வருவான்.
என் கொண்டையை அவிழ்ப்பான்.
மிச்சமும் சொல்ல வேணுமா?

"வேண்டாம்." இருமினார்.
எத்தனை தரம் என்று கேட்பார் என
துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
"வந்த உடன முதல்ல என்ன செய்வான்?"

முதலில்.
கடைசியை நினைத்தே வெட்கப்பட்டுப் பழகியவளுக்கு
முதலில் என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது.

கட்டில் விளிம்பில் இருப்பான்.
இருந்து,
என்ன பேர் வச்சனீர் எண்டு கேப்பான்.

"ஆற்ற பேர்?"

*

திருகோணமலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.
பஸ் நிலையத்தில், மீன் சந்தையடியில், கோட்டை வாசலில்
மான்கள் குப்பை கிளறும்.
செத்த ஒன்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்
மாத்திரை வாங்க வந்த இடத்தில் சொன்னார்:
வயிறு முட்டப் பொலித்தீன்.
பசி தெரியாமலே பட்டினியில் போயிருக்கு.

நான் அவருக்கு மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

*

எட்டாம் மாதம் அசைவு நின்றது.
மூதூர்ப் படகில் என்ஜின் பார்க்கும் என் மனுசன்
சின்னப் பெட்டி ஒன்று அடிப்பித்துக்கொண்டு
தனியப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்.
குளித்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
ஒன்பது வருடம்.
கதைச்சா ஆறாது எண்டு மாமி சொன்னா.
கதைக்கவில்லை.
ஆறவுமில்லை.

மரத்தட்டியில் நெற்றி முட்ட அழுதேன்.
பெர்னதெத், சுவாமி. செல்லமா பெர்னி.
சொல்லி முடிய
வெளியே மெழுகுதிரி விற்கிற பெடியன்
யாருக்கோ மிச்சம் இல்லையெண்டு கத்தினான்.

"அது பாவமில்லை எண்டு நான் சொல்லமாட்டன், அக்கா..."
மகளே என்று சொல்லியிருக்கவேண்டும்; தடுமாறினார், திருத்தவில்லை.
"ஆனா, நீங்க அதுக்குள்ள தேடினது பாவமில்லை.
ஆண்டவருக்கு அந்தப் பேர் தெரியும்.
எண்டாலும் உங்கட வாயால கேக்க
அவர் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டு இருந்திருப்பார்."

செபமாலை எத்தனை என்று அவர் சொல்லவில்லை.
அந்தப் பேரை உரத்து, இரண்டு பேருக்குச் சொல்லவேண்டும்.
அதுதான் தண்டனை.

ஒருவருக்கு அங்கேயே, நற்கருணைப் பேழைக்கு முன்னால்
முழங்காலில் நின்று சொன்னேன்.
சிவப்பு விளக்கு கொஞ்சமும் அசையவில்லை.
கேட்டுக்கொண்டிருந்தது.

குணமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்ல எனக்கு வராது.
அவன் பிறகும் இரண்டு மூன்று தரம் வந்தான்.
வாசலில் நின்றான், நீர் சொட்டச் சொட்ட.
கேட்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டாவது ஆளுக்கு
அன்று இரவே சொன்னேன், டீசல் மணக்கும் முதுகைப் பார்த்து:
"பெர்னதெத் எண்டு வைக்க இருந்தனான்."

பிரிட்ஜ் உறுமி நின்றது.
தெருவில் ஏதோ ஒரு மான் தகரத்தை இடறிப் போனது.
நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

"பெட்டியில நான் எழுதினது வேற பேர்,"
என்றார், சுவரிடம்.

நான் எழும்பி,
கட்டில் விளிம்பில் இருந்து,
கேட்டேன்.